நட்சத்திர ஹோட்டல் உணவகத்தில் குறை இருந்தால் அங்கேயே சொல்வீர்களா?

நிலாமுற்றம் | ஞாயிறு, இரவு 10.50

நேற்று என் அம்மா அப்பாவுக்கு 40-வது திருமண நாள். ஒருமுறையாவது அவர்களைப் பெரிய ஹோட்டல் ஒன்றில் உட்கார வைத்து, நிதானமாகச் சாப்பிட வைக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. மூன்று வாரத்துக்கு முன்பே மேசைக்குச் சொல்லிவைத்தேன். போனில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட்டுச் சொன்னேன். அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது, அதனால் சத்தம் குறைந்த மூலை வேண்டும். அம்மாவுக்கு இறால், நண்டு ஆகாது, அலர்ஜி. போனை எடுத்தவர் இரண்டையும் எனக்கே திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

போனதும் கொடுத்த மேசை சமையலறைக் கதவை ஒட்டி. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் பாத்திரச் சத்தம். அப்பா சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் நாங்கள் பேசியதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. முதலில் வந்த சூப் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதற்கப்புறம் 45 நிமிடம் எதுவும் வரவில்லை, ஏன் தாமதம் என்று யாரும் வந்து சொல்லவும் இல்லை. கடைசியில் வந்த மீன் மேலே சூடு, நடுவில் ஜில்லென்று இருந்தது. அலர்ஜி விஷயத்தை மேசையில் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோது பரிமாறிய தம்பிக்கு அது புதுச் செய்தியாக இருந்தது.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்போம். அந்தத் தம்பி வந்து “எல்லாம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டார். மூன்று பேரும் “நன்றாக இருக்கிறது” என்றுதான் சொன்னோம். வீடு திரும்பும் வழியில் அம்மா மெதுவாகச் சொன்னார்: “மீன் ஆறிப்போய் இருந்துச்சும்மா. அவ்வளவு பெரிய இடத்துல எப்படிச் சொல்றது? நமக்குத்தான் சாப்பிடத் தெரியலைன்னு நினைச்சுட்டா?”

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. காசு போனது ஒருபக்கம் இருக்கட்டும். 40 வருடம் எங்களுக்குச் சூடாகப் பரிமாறிய அம்மா, ஆறிப்போன மீனைப் பேசாமல் சாப்பிட்டு முடித்திருக்கிறார். நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டுமா? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?


மூன்றாம்மாடி | ஞாயிறு, இரவு 11.15

நீங்கள் எதற்கு வருத்தப்படுகிறீர்கள்? கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. சாதாரண உணவகத்துக்குப் போனால் நாமே கூப்பிட்டுச் சொல்லலாம். நட்சத்திர ஹோட்டலில் கொடுக்கும் பணமே, நாம் வாய் திறக்க வேண்டாம் என்பதற்குத்தான். அம்மா பிடிக்காமல் சாப்பிடுவது அங்கே நின்றவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டு இப்படி நடத்தினால், அடுத்தமுறை அங்கே போகாதீர்கள்.


கரையோரம் | திங்கள், காலை 6.40

மூன்றாம்மாடி, ஒரு சின்னத் திருத்தம். ஹோட்டலின் நட்சத்திரம் வேறு, உணவகத்தின் நட்சத்திரம் வேறு. ஹோட்டலுக்குக் கொடுக்கும் நட்சத்திரம் அறை, லிஃப்ட், நீச்சல்குளம், 24 மணிநேர வரவேற்பு மாதிரியான வசதிகளைப் பார்த்துக் கொடுப்பது. அதை வைத்து மீன் எப்படி இருக்கும் என்று முடிவு செய்ய முடியாது.

உணவுக்கென்று பேர்போன நட்சத்திரம் மிஷலின் கொடுப்பது. மிஷலின் என்ற டயர் கம்பெனி 1900-இல் காரோட்டிகளுக்காகப் போட்ட கையேடு அது. 1926-இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள், 1931-இல் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசை வந்தது. அந்த நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான். பொருளின் தரம், சமைக்கும் திறன், சுவைகளின் பொருத்தம், சமையல்காரரின் தனித்தன்மை, எந்த நாள் போனாலும் அதே தரம். இந்த ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். அலங்காரமும் உபசரிப்பும் இந்தக் கணக்கில் வராது.

ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் ஒன்று முதன்முதலாக மூன்று நட்சத்திரம் வாங்கியது 1990-இல்தான். மொனாக்கோவில் ஓட்டல் தெ பாரி என்ற ஹோட்டலில் சமையல்காரர் அலென் டுகாஸ் நடத்திய லூயி கேன்ஸ். கையேடு வந்து 90 வருடம் கழித்து! ஆகவே வாசலில் ஐந்து நட்சத்திரம் பார்த்ததும் சாப்பாடும் ஐந்து நட்சத்திரமாக இருக்கும் என்று நாம்தான் சேர்த்து நினைத்துக்கொள்கிறோம். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சமையலறைக்கு யார் பொறுப்பு, அவர் அங்கே எத்தனை நாளாக இருக்கிறார் என்று பாருங்கள். எனக்கு அது பலமுறை உதவியிருக்கிறது.


வெள்ளைத்துணி | திங்கள், மதியம் 1.20

நிலாமுற்றம் தங்கச்சி, படிக்கவே கஷ்டமாக இருந்தது. 11 வருடம் ஹோட்டல் உணவகங்களில் பரிமாறினவன் நான். இப்போது வேறு தொழில். நீங்கள் சொன்னதில் ஒவ்வொன்றும் எங்கே அறுந்திருக்கும் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் போன். பெரிய ஹோட்டல்களில் நீங்கள் பேசுகிற ஆள் பெரும்பாலும் உணவகத்தில் இருப்பவர் அல்ல. மொத்த ஹோட்டலுக்கும் போன் எடுக்கும் பிரிவில் இருப்பவர். அவர் கணினியில் ஏற்றுவார். உணவகத்தில் அன்று மாலை அதைத் தாளில் எடுப்பார்கள். கதவு திறப்பதற்கு முன் எல்லாரையும் நிற்கவைத்து ஒரு கால்மணி நேரம் பேசுவார்கள். எந்த மேசைக்குப் பிறந்தநாள், யாருக்கு என்ன அலர்ஜி, எந்தப் பொருள் தீர்ந்துவிட்டது, எல்லாம் அங்கேதான் சொல்லப்படும். அந்தத் தாளில் உங்கள் குறிப்பு விடுபட்டால் அதோடு போச்சு. பரிமாறிய தம்பிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இதனால்தான் நான் எல்லாரிடமும் சொல்வது: போகிற நாள் அன்று மதியம் மூன்று மணிக்கு மேல், ஐந்து மணிக்குள், உணவகத்தின் மேலாளரையே போனில் கேளுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து இரவு தொடங்காத நேரம். அவரால் காது கொடுத்துக் கேட்க முடியும். நீங்கள் சொன்னதும் நேராக அந்தத் தாளுக்குப் போகும்.

மேசை பிடிக்கவில்லை என்றால் உட்காருவதற்கு முன் சொல்லிவிடுங்கள். உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றி, ரொட்டி வைத்த பிறகு மாற்றுவது கஷ்டம். நின்றபடி “அப்பாவுக்குக் காது கேட்காது, வேறு இடம் வேண்டும்” என்றால், நான் பார்த்தவரை பத்தில் ஒன்பது முறை மாற்றித் தருவார்கள். இன்னொன்று. இடது காது கேட்காதவரை இடது பக்கம் சுவர் வருகிற மாதிரி உட்கார வையுங்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் அவருடைய வலப்பக்கம் வந்துவிடுவார்கள்.

அடுத்தது அந்த 45 நிமிடம். சூப்புக் கிண்ணங்களை எடுத்த பிறகுதான் நாங்கள் உள்ளே போய் அடுத்ததைத் தொடங்கச் சொல்வோம். முன்னாலேயே சொன்னால் நீங்கள் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே மீன் தயாராகி ஆறிவிடும். ஒரு மேசைக்குப் போகும் மூன்று தட்டும் ஒரே நேரத்தில் வெளியே வர வேண்டும். ஒன்று தவறிப்போய்த் திரும்பச் செய்தால் மற்ற இரண்டும் விளக்கு வெப்பத்துக்குக் கீழே காத்திருக்கும். ஹோட்டல் என்றால் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பல இடங்களில் அறைக்குப் போகும் சாப்பாடும் அதே சமையலறைதான், சில இடங்களில் விருந்து மண்டபத்துக்கும் அதேதான். உங்கள் கண்ணுக்கு உணவகத்தில் பாதி மேசை காலியாகத் தெரியும். உள்ளே மாடியிலிருந்து 20 அறைகளின் ஆர்டர் ஒரே நேரத்தில் வந்து விழுந்திருக்கும். இது காரணம்தான், சமாதானம் இல்லை. 15 நிமிடத்திலேயே யாராவது வந்து “தாமதமாகும், மன்னியுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். அது சமையலறையின் தவறு அல்ல, எங்களைப் போல மேசையைப் பார்த்துக்கொள்பவர்களின் தவறு.

கடைசியாக, இரண்டு வாய் சாப்பிட்டதும் வந்து கேட்டாரே, அது தற்செயல் இல்லை. இரண்டு வாய் அல்லது இரண்டு நிமிடம், அதற்குள் போய்க் கேள் என்றுதான் எங்களுக்குப் பயிற்சி. ஏதாவது சரியில்லை என்றால் அப்போது திருத்தினால்தான் மேசையில் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிட முடியும். அந்தக் கேள்வி மரியாதைக்காகக் கேட்பது அல்ல, பதிலை எதிர்பார்த்துக் கேட்பது. “மீன் உள்ளே ஆறியிருக்கிறது, மாற்றித் தாருங்கள்” என்ற ஒரு வரி போதும். என்ன குறை, என்ன வேண்டும், இரண்டும் அதில் வந்துவிட்டது. கோபமும் தேவையில்லை, மன்னிப்பும் தேவையில்லை.


மூன்றாம்மாடி | திங்கள், மதியம் 2.05

வெள்ளைத்துணி அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் உள்ளே இருந்து பார்த்த நியாயம். எனக்கு மனம் ஒப்பவில்லை. மதியம் மூன்று மணிக்குப் போன் போட வேண்டும், நின்றுகொண்டே மேசை மாற்றக் கேட்க வேண்டும், இரண்டு நிமிடத்துக்குள் குறை சொல்ல வேண்டும். இத்தனையும் தெரிந்தவன்தான் நன்றாகச் சாப்பிட முடியும் என்றால், முதல்முறை வருகிறவர்கள் கதி என்ன? அந்த அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்களுக்காகத்தானே கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?


வெள்ளைத்துணி | திங்கள், மதியம் 2.30

அதில் எனக்கு மறுப்பே இல்லை. முதல்முறை வருகிறவர்களைப் பார்த்ததும் தெரியும். மெனுவை ரொம்ப நேரம் பார்ப்பார்கள், நாம் பக்கத்தில் போனால் மூடிவிடுவார்கள். அந்த மேசையில் நின்று, ஒவ்வொன்றும் என்ன என்று சொல்லி, “பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். என் முதல் மேற்பார்வையாளர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது. எல்லா இடத்திலும் கற்றுக்கொடுப்பதில்லை.


இரட்டைவால்குருவி | திங்கள், மாலை 5.45

எல்லாரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயமாக இருந்தது அலர்ஜி குறிப்பு தொலைந்ததுதான். என் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. நாக்கில் பட்டாலே உதடு வீங்கிவிடும். அவனை எங்கே கூட்டிப்போனாலும் மூன்று முறை சொல்வேன். முன்பதிவின்போது, உட்கார்ந்ததும், ஆர்டர் எடுக்கும்போது. மூன்றாவது முறை சொல்லும்போது சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். நல்ல இடத்தில் சமையலறையிலிருந்து ஒருவர் வெளியே வந்து நேராக என்னிடம் பேசுவார்.

இதை அவர்கள் ஏன் பெரிதாக எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து 14 வகை ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உணவகங்களும் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். இறால், நண்டு வகை, வேர்க்கடலை, பால், முட்டை, எள், கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் போடும் அளவுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. நிலாமுற்றம், உங்கள் புகாரில் மீனுக்கு முன்னால் இதை எழுதுங்கள்.


அடுப்பங்கரை | திங்கள், இரவு 11.50

வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். நான் சமையலறைப் பக்கம். இரட்டைவால்குருவி அக்கா சொன்னதோடு ஒரு வேண்டுகோள். அலர்ஜி என்று ஒரு சீட்டு உள்ளே வந்தால் நாங்கள் வாணலியை மாற்றுகிறோம், வெட்டும் பலகையை மாற்றுகிறோம், கத்தி, கரண்டி, எண்ணெய் எல்லாம் புதிது. கையைக் கழுவிவிட்டு ஒருவர் தனியாக அந்த ஒரு தட்டை மட்டும் செய்வார். வெறுமனே பிடிக்காது என்றால் அந்தப் பொருளைப் போடாமல் விட்டால் போதும். பிடிக்காததற்கெல்லாம் அலர்ஜி என்று சொல்லாதீர்கள். மாலையில் பத்து பேர் அப்படிச் சொன்னால், உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பதினோராவது ஆளுக்கு எங்கள் கவனம் குறைந்துவிடும். “பிடிக்காது” என்று சொன்னாலே நாங்கள் மதிப்போம்.

அந்த மீன் பற்றி: மேலே சூடு, நடுவில் ஜில் என்றால் அது காத்திருந்ததால் ஆனது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். காத்திருந்த மீன் வெளிப்பக்கத்திலிருந்துதான் ஆறும். அவசரத்தில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூட்டில் போட்டிருப்பார்கள். வெளியே நிறம் வந்துவிட்டது, உள்ளே சூடு போய்ச் சேரவில்லை. அது சமைத்தவரின் தவறு. திருப்பி அனுப்பியிருந்தால் எங்களுக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது. ஒரு தட்டு திரும்பி வந்தால், அதே வரிசையில் வெளியே போகவிருக்கும் மற்ற தட்டுகளையும் நிறுத்திப் பார்ப்போம். அம்மா சொல்லியிருந்தால் பக்கத்து மேசைக்காரரும் ஆறின மீனிலிருந்து தப்பித்திருப்பார்.


கரையோரம் | செவ்வாய், காலை 7.10

அடுப்பங்கரை, ஒரு கேள்வி. திருப்பி அனுப்பினால் உள்ளே கோபத்தில் எதையாவது செய்துவிடுவார்கள் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். என் வீட்டிலேயே அந்தப் பேச்சு உண்டு. உண்மையா?


அடுப்பங்கரை | செவ்வாய், காலை 11.30

14 வருடத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. திரும்பி வந்த தட்டைத் தலைமைச் சமையல்காரரே வாங்கிச் சுவைத்துப் பார்ப்பார். புதிதாகச் செய்வது அவர் கண்முன்னால் நடக்கும். அன்றைக்கு மாலை முழுவதும் அதிகக் கவனத்தோடு செய்யப்படுகிற தட்டு அதுதான். முகம் வாடும், அது உண்மை. வருத்தம் நம் வேலையின் மேல், உங்கள் மேல் இல்லை.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. இந்த வேலைமுறையே ஹோட்டலில் பிறந்ததுதான். 1889-இல் லண்டனில் சவாய் ஹோட்டல் திறந்தது. சேஸார் ரிட்ஸ் மேலாளராக வந்தார், சமையலறைக்கு ஆகுஸ்த் எஸ்கோஃபியே வந்தார். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று சமையலறையைப் பகுதி பகுதியாகப் பிரித்தவர் எஸ்கோஃபியே. தட்டு சீக்கிரம் வெளியே போக வேண்டும், சூடாகப் போக வேண்டும், அதற்குத்தான் அவ்வளவும். சமையலறையில் கத்துவதையும் குடிப்பதையும் அவர் அனுமதிக்கவில்லை. அவர்கள் காலத்துக்கு முன் பெரிய விருந்துகளில் எல்லாப் பதார்த்தத்தையும் ஒன்றாக மேசையில் பரப்பிவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், சாப்பிடும்போது பாதி ஆறியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது. உணவு சூடாக வர வேண்டும் என்பது அம்மாவின் தனி ஆசை இல்லை. இந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான்.

“விருந்தினர் ஒருபோதும் தவறு செய்வதில்லை” என்ற வாசகம் ரிட்ஸ் பெயரோடு சேர்த்துத்தான் சொல்லப்படுகிறது. யாராவது ஒரு பதார்த்தத்தையோ வைனையோ குறை சொன்னால், கேள்வி கேட்காமல் எடுத்துவிட்டு வேறு கொடு என்பது அதன் பொருள்.


தனிப்பயணி | செவ்வாய், இரவு 9.00

வேலைக்காக மாதத்தில் பத்து நாள் ஹோட்டலில் தங்குகிறவன். தனியாகத்தான் சாப்பிடுவேன். தனியாக வருகிறவரைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. அது எனக்கு வலிக்கும்.

ஆனால் ஒரு நல்ல அனுபவம் சொல்கிறேன். நான் இடதுகைக்காரன். ஒருமுறை சூப்பை இடது கையால் குடித்தேன். அடுத்த தட்டு வருவதற்கு முன் கரண்டி, கத்தியெல்லாம் இடம் மாறி வைக்கப்பட்டிருந்தன. யாரும் எதுவும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. மறுநாள் காலை சிற்றுண்டிக்குப் போனேன், வேறு ஆள், அங்கேயும் இடது பக்கம் மாற்றி வைத்திருந்தது. அன்று என்ன சாப்பிட்டேன் என்பது எனக்கு நினைவில்லை. அந்த கரண்டி நினைவிருக்கிறது. மூன்றாம்மாடி சொல்வதில் நியாயம் உண்டு என்று நான் நினைப்பது இதனால்தான். பார்த்தே கண்டுபிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

காலை பஃபே பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய ஹோட்டல் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு எளிது: சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ், சமைத்ததைச் சாதாரண வெப்பத்தில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மூடியைத் திறந்தால் ஆவி வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கே நிற்பவரிடம் சொல்லுங்கள், புதிது கொண்டுவருவார். முடிகிற நேரத்தைவிடத் தொடங்கும் நேரத்தில் போவது நல்லது.


மணிச்சட்டம் | புதன், காலை 8.20

வைன் பேச்சு வந்ததால்: கொஞ்சமாக ஊற்றி நம்மைச் சுவைக்கச் சொல்கிறார்களே, அது பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்கு இல்லை. கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. தக்கையிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் கலந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடிக்கும். லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். அந்த வாசனை வந்தால் சொல்லுங்கள், புதுப் பாட்டில் திறப்பார்கள். நான் பல வருடம் அது ஏதோ நம்மைச் சோதிக்கிற பரீட்சை என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். நிலாமுற்றம் அம்மாவின் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது.


நிலாமுற்றம் | புதன், இரவு 10.15

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு ஹோட்டலின் உணவகப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இரட்டைவால்குருவி அக்கா சொன்ன மாதிரி அலர்ஜியை முதலில் வைத்தேன். தேதி, நேரம், மேசை எங்கே இருந்தது, யாரிடம் என்ன சொன்னோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம். நடந்ததை மட்டும் எழுதினேன். பரிமாறிய தம்பியைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் குறிப்பு போய்ச் சேரவில்லை என்று தெளிவாக எழுதினேன். மேசையில் நாங்கள் “நன்றாக இருக்கிறது” என்று சொன்னதையும் மறைக்கவில்லை.

இன்று மதியம் அவரே அழைத்தார். அலர்ஜி குறிப்பு முன்பதிவில் ஏறியிருக்கிறது, மாலைத் தாளில் வரவில்லை என்று தேடிப் பார்த்துச் சொன்னார். அப்படியே வெள்ளைத்துணி அண்ணா சொன்ன இடம்தான். மறுபடி வாருங்கள், முழுச் சாப்பாடும் எங்கள் செலவு என்றார். போகலாமா? இலவசமாகச் சாப்பிட அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.


மூன்றாம்மாடி | புதன், இரவு 10.40

போங்கள். அது இலவசம் இல்லை, ஏற்கெனவே கொடுத்த காசுக்கு வர வேண்டியது. தேடிப் பார்த்து, எங்கே தவறியது என்று சொன்னாரே, அதற்காகவே அவரை மதிக்கிறேன். முதல் நாள் நான் “போகாதீர்கள்” என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


வெள்ளைத்துணி | வியாழன், காலை 9.30

போங்கள் தங்கச்சி. சனிக்கிழமை இரவு வேண்டாம், வாரநாள் மதியம் போங்கள். மேசைகள் குறைவு, உள்ளே நெரிசல் இல்லை, பரிமாறுபவருக்குப் பேச நேரம் இருக்கும். அம்மாவுக்குச் சங்கடம் என்றால், சாப்பாட்டை மட்டும் அவர்கள் கணக்கில் விட்டுவிட்டு, காபியும் இனிப்பும் உங்கள் கணக்கில் கேளுங்கள். ஒத்துக்கொள்வார்கள்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நல்ல ஹோட்டல்களில் மேசையில் நிற்பவருக்கே குறையைத் தீர்க்கும் அதிகாரம் கொடுத்து வைத்திருப்பார்கள். ரிட்ஸ்-கார்ல்டன் குழுமத்தில் ஒரு விருந்தினரின் சிக்கலைத் தீர்க்க, எந்த ஊழியரும் 2,000 டாலர் வரை மேலதிகாரியைக் கேட்காமலே செலவு செய்யலாம் என்று விதியே உண்டு. ஒரு மீனை மாற்றித் தருவது யாருக்கும் பாரம் இல்லை. இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.


நிலாமுற்றம் | அடுத்த வாரம், புதன், இரவு 8.30

இன்று மதியம் போய்வந்தோம். நேற்று மூன்றரை மணிக்கு ஒருமுறை, இன்று காலை ஒருமுறை போன் செய்தேன். வாசலிலேயே என் பெயரைச் சொல்லி, “இறால், நண்டு வகை எதுவும் உங்கள் மேசைக்கு வராது, சமையலறையில் சொல்லியிருக்கிறோம்” என்றார்கள். ஜன்னலோர மூலை. அப்பாவை இடது பக்கம் சுவர் வரும்படி உட்கார வைத்தோம். அண்ணா, அதற்குத் தனி நன்றி.

மெனுவில் அம்மாவுக்குப் புரியாத பெயர்கள் நான்கைந்து இருந்தன. பரிமாறிய பெண் ஒவ்வொன்றாகச் சொன்னார். அம்மா மீனைத்தான் மறுபடி கேட்டார். சூடாக, அடுக்கடுக்காகப் பிரிகிற பதத்தில் வந்தது. முதல் வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைசியில் காபி. என்னுடையது சரியாக இருந்தது. அம்மாவுடையது கொஞ்சம் ஆறியிருந்திருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அவரே கையைத் தூக்கி, “இது ஆறியிருக்கும்மா, சூடா வேற தர்றீங்களா?” என்றார். அந்தப் பெண் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், சூடாக்கின வேறு கோப்பையில் புதிதாகக் கொண்டுவந்தார். அம்மா குடித்து முடிக்கும்வரை நான் பேசவே இல்லை, பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

அதற்குள் அப்பா தங்கள் கல்யாணத்தன்று மழையில் பந்தல் சாய்ந்த கதையைத் தொடங்கிவிட்டார். நாங்கள் நடுவில் கேட்ட கேள்விக்கெல்லாம் திரும்பிப் பார்த்துப் பதில் சொன்னார்.


மணிச்சட்டம் | புதன், இரவு 9.05

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அடுத்த மாதம் என் மாமனார் மாமியாரைக் கூட்டிப்போகிறேன். போன் செய்ய வேண்டியது மூன்று மணியிலிருந்து ஐந்துக்குள்தானே?


வெள்ளைத்துணி | புதன், இரவு 9.20

ஆமாம். உணவகத்தின் நேரடி எண் இருந்தால் அதில் பேசுங்கள். குறிப்பைச் சொன்னதும், யாரிடம் சொன்னீர்கள் என்று அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.